செயினுக்கு அடியில் ஒரு கை

என்னை உறுத்திக்கொண்டிருப்பது ஒரு கை. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, வாழப்பாடி ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஓர் ஏரியில், வண்டல் எடுக்க இறக்கிய ஹிட்டாச்சி வயிறு தட்டப் புதைந்து கிடந்தபோது பார்த்த கை. ஹெல்பர் பையன், இருபது வயதுகூட இருக்காது, சேற்றில் குப்புறப் படுத்து வலது கையைத் தோள்வரை வண்டிக்கு அடியில் நுழைத்திருந்தான். வயர் ரோப்பின் முனையைச் செயின் ஓடுகிற இரும்புச் சட்டத்தைச் சுற்றி மறுபக்கம் வாங்க வேண்டும். கண்ணால் பார்க்க வழியில்லை, விரல்தான் தேடியது. கை அவ்வளவு ஆழம் போக வேண்டியிருந்ததால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கன்னத்தைச் சேற்றில் பதித்திருந்தான். கண் கரையில் நின்ற எங்கள் பக்கம் இருந்தது. கவனம் முழுக்க விரல் நுனியில். அவனுக்கு மேலே இருபது டன் இரும்பு. அது அசையாது என்பதற்கு அங்கே இருந்த ஒரே உத்தரவாதம், கேபினிலிருந்து வந்த "அசைக்கலடா, நீ போடு" என்ற குரல். ஒன்றும் ஆகவில்லை. ரோப்பைக் கொடுத்தான், கையை உருவினான், எழுந்து பனியனால் முகத்தைத் துடைத்தான். பனியனிலும் சேறுதான், முகத்தில் இருந்தது இடம் மாறியது, அவ்வளவே. ஒன்றும் நடக்காத இந்தக் காட்சி ஏன் கூடவே வருகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. விபத்து நடந்திருந்தால் பேசுவதற்கு ஒரு வழி உண்டு: போலீஸ், இழப்பீடு, ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரர்கள், மறுநாள் பேப்பரில் நாலு வரி. நடக்காமல் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஏரியைப் பற்றிக் கொஞ்சம். வடக்கே சேர்வராயன் மலை, குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறுகிற பாதை. தெற்கே ஜருகுமலை. மழைத் தண்ணீர் மண்ணை உருட்டிக்கொண்டு வரும்போது கல்லையும் மணலையும் ஓடை வாயிலேயே போட்டுவிடும். நுண்ணிய களி மட்டும் மிதந்து வந்து, தண்ணீர் ஓய்ந்து நிற்கும் இடத்தில், மதகை ஒட்டிய பள்ளத்தில் படியும். கோடையில் மேல்பரப்பு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். ஆடு நடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், டிராக்டர்கூட ஓரமாகப் போய்த் திரும்பும். பாலாடைக்குக் கீழே பால் இருப்பது போல அடியில் ஈரம் அப்படியே இருக்கும். ஆவணியில் ராத்திரி ராத்திரியாக இடிமழை பெய்தால் அந்த ஆடையும் நைந்துவிடும். இதெல்லாம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நடந்தது வேறு. கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "அது போன தடவ அவனுங்க தோண்டுன குழிங்க. வண்டல் வந்து மூடிக்கிச்சு. அதும்மேலயே கொண்டாந்து நிறுத்திட்டானுங்க." போன வருஷம் ஓர் எந்திரம் அளவுக்கு மேல் தோண்டிவிட்டுப் போன பள்ளம், மழையில் நிரம்பி, காய்ந்து, மேலே ஏடு கட்டி, இந்த வருஷத்து எந்திரத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி மண் எடுக்க 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம், ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் அனுமதிச் சீட்டில் சர்வே எண் இருக்கும், எத்தனை கன மீட்டர் என்று இருக்கும். போன வருஷக் குழி எங்கே என்பது ஆடு மேய்ப்பவர் தலைக்குள்தான் இருக்கும். அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இருபது டன் என்றால் புதையத்தானே செய்யும் என்று தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த ரக வண்டியின் செயின் பட்டை அறுபது சென்டிமீட்டர் அகலம், தரையில் படிகிற நீளம் மூன்றரை மீட்டர் அளவு. இரண்டு பக்கமும் சேர்த்தால் நான்கு சதுர மீட்டருக்கு மேல். எடையை அதில் பரப்பிப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோகூட வராது. நடக்கும்போது ஒற்றைக் காலை ஊன்றுகிற மனிதன் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பையனின் பாதமும் அந்த இரும்பும் சேற்றுக்கு ஒரே பாரம். வித்தியாசம், அவன் ஒரு காலைப் பிடுங்கி இன்னொரு காலை வைக்கலாம். களியின் குணத்தை நூறு வருஷத்துக்கு முன் ஒழுங்காக எழுதி வைத்தவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வந்த அவருடைய மண் இயக்கவியல் நூலோடுதான் அந்தத் துறையே தொடங்குகிறது என்பார்கள். தண்ணீர் நிறைந்த களிமேல் திடீரென்று பாரம் வந்தால், அதை முதலில் தாங்குவது மண் துகள்கள் இல்லை, அவற்றின் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர். தண்ணீர் வெளியேற நாள் கணக்கில் ஆகும், அதுவரை மண்ணுக்கு நிற்கும் பலம் வராது. மணலில் தண்ணீர் சட்டென்று வழிவிடும், களியில் விடாது. அதே காரணம்தான் மேலே தூக்கும்போதும் எதிரியாகிறது. வண்டி ஓர் அங்குலம் எழும்பினால் அந்த இடத்தை நிரப்பக் காற்றோ தண்ணீரோ உள்ளே வர வேண்டும். வராவிட்டால் அடியில் வெற்றிடம். முழு வெற்றிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் என்று நம் தலைக்கு மேலிருக்கும் காற்றே அழுத்திப் பிடிக்கும். நான்கு சதுர மீட்டருக்கு நாற்பது டன். நிஜத்தில் அவ்வளவு வராது, எங்காவது கசியும். ஆனாலும் வண்டியின் எடையைவிட அதை விடாமல் இழுக்கிற பிடி பெரிதாக இருக்கலாம் என்பது காகிதத்தில் போட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது.

வண்டியை ஓட்டிய ஆபரேட்டர் இளவட்டம். இறங்கியது தெரிந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், இரண்டு லீவரையும் முன்னால் தள்ளினார். செயின் சுற்றியது. அதிலுள்ள பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு கை சேற்றை வாரிப் பின்னால் போட்டன. வண்டி முன்னால் போகவில்லை, இருந்த இடத்திலேயே தனக்குக் குழி தோண்டியது. இரண்டு செயினுக்கும் நடுவிலுள்ள அடிச்சட்டம் சேற்றில் உட்கார்ந்ததும் எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம் செயின் எவ்வளவு சுற்றினாலும் காற்றில் சுற்றுவதற்குச் சமம். பக்கெட்டைத் தாங்குகிற நீண்ட கையை, பூமை, திருப்பிப் பார்த்தார், பாரம் ஒரு பக்கம் போய் அந்தப் பக்கம் இன்னும் சாய்ந்தது. கரையிலிருந்து ஆளாளுக்கு யோசனை. சாயங்காலம் வாழப்பாடிப் பக்கமிருந்து டிவிஎஸ் எக்செல்லில் வயதான ஆபரேட்டர் ஒருவர் வந்தார். வந்ததும் சொன்ன ஒரே வார்த்தை, "ஆஃப் பண்ணு." பிறகு வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார், குச்சியை ஊன்றி ஊன்றி எங்கே கட்டாந்தரை தட்டுகிறது என்று பார்த்தார், வண்டி உள்ளே போன தடத்தைப் பார்த்தார். அந்தச் சும்மா இருத்தலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். வண்டி முதலாளிக்கு அது பொறுக்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு கரையில் முன்னும் பின்னும் நடந்தார். இரண்டாவது ஹிட்டாச்சி வந்ததும் பெரிய ஆபரேட்டர் அதை வைத்து முதலில் வண்டியை இழுக்கவில்லை. புதைந்த வண்டியைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தாழ்ந்த பக்கம் வடித்தார். ஆட்கள் செயினை ஒட்டிக் கடப்பாரையைச் செருகி ஆட்டி ஆட்டி எடுத்தார்கள், துளை வழியே காற்று உள்ளே போகட்டும் என்று. முதல் தடவை கடப்பாரையை உருவியபோது சேறு ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. கெட்ட நாற்றம், வருஷக்கணக்காக மூடிக் கிடந்த இலைதழை அழுகிய வாடை. பெரிய ஆபரேட்டர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிச்சி.

அடுத்தது மரம். கரையோரம் எப்போதோ சாய்ந்து கிடந்த பனைகளை அறுத்துத் துண்டு போட்டார்கள். தென்னை உதவாது, நனைந்தால் நார் நாராகப் பிரிந்துவிடும். வைரம் பாய்ந்த பனை பாரத்தைத் தாங்கும். (நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சாய்ந்தது கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.) பக்கெட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோய், பரப்பிய மரத்தின்மேல் கவிழ்த்து அழுத்தினால் அந்தப் பக்கத்துச் செயின் மேலே எழும்பும். எழும்பிய இடைவெளியில் பனந்துண்டுகளைத் திணிக்க வேண்டும். திணிப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு மறுபக்கம் அதே மாதிரி. தன் கையாலேயே தன்னைத் தூக்கிக்கொள்கிற எந்திரம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியில்லை. முதல் உலகப் போரில், 1917இல், பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் மழையும் குண்டும் சேர்ந்து குழப்பிய சேற்றில் பிரிட்டிஷ் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தன. அந்த வருஷத்து டாங்கிகளின் முதுகில் ஒரு கனத்த ஓக் மரக்கட்டை கட்டியிருக்கும். புதைந்ததும் அதைச் சங்கிலியால் செயினோடு பிணைப்பார்கள். செயின் சுற்றும்போது கட்டை டாங்கிக்கு அடியில் போய்ப் பிடிமானம் கொடுக்கும், டாங்கி அதன்மேல் ஏறி வெளியே வரும். கட்டையைப் பிணைக்க ஒருவன் டாங்கியை விட்டுக் குண்டு மழையில் வெளியே வர வேண்டும் என்பதைப் படித்தபோதுதான் ஏரிப் பையன் மறுபடி நினைவுக்கு வந்தான். எவ்வளவு தடிமனான இரும்புக்குள் உட்கார்ந்திருந்தாலும் கடைசியில் ஒருவன் அதைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. நம் பக்கம் இன்னும் பழைய சாட்சி உண்டு. உப்பு வணிகர்கள் மேடு பள்ளம் எப்படி இருக்குமோ என்று வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். சேம அச்சு. பாடப்பட்டவன் அதியமான் மகன் பொகுட்டெழினி, அதாவது நமக்குப் பக்கத்துத் தகடூர்க்காரன். பள்ளத்தில் அச்சு முறிந்தபோது வண்டிக்கடியில் படுத்து அதை மாற்றியவனின் கையை மட்டும் எந்தப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை. பாட்டில் தேடுவது நியாயமில்லைதான்.

ரோப்பைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலர் பயந்தது சேற்றுக்கு. அங்கே ஆளைக் கொல்லக்கூடியது ரோப். விறைப்பாக இழுபட்ட இரும்புக் கயிறு அறுந்தால் இரண்டு துண்டும் இரண்டு பக்கமும் திரும்பி அடிக்கும். கண் சிமிட்டுவதற்குள் அடித்து முடித்துவிடும். காலை, இடுப்பைத் துண்டாக்கும் வேகம் அதற்கு உண்டு. அதனால்தான் இழுக்கும்போது ரோப்பின் நேர்க்கோட்டிலும் அதன் வீச்சுக்குள்ளும் யாரும் நிற்கக் கூடாது என்பது, கயிற்றின் நடுவில் கனமான ஈரச் சாக்கைப் போடுவது, அறுந்தால் அது கயிற்றைக் கீழே அழுத்தட்டும் என்று. வண்டியோடு வரும் கையேடுகளில் இன்னொன்றும் உண்டு: கனத்த இழுப்புக்கு ரோப்பைச் செயின் சட்டத்தில்தான் சுற்ற வேண்டும், வண்டியில் இருக்கும் சிறு கொக்கியில் மாட்டக் கூடாது. கூரான இரும்பு விளிம்பில் ரோப் உரசாமல் இடையில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். எல்லாம் சரியான அறிவுரை. ஆனால் சட்டமே சேற்றுக்குள் இருக்கும்போது அதைச் சுற்றி ரோப்பை எப்படி வாங்குவது? முதலில் மண்ணை வாரி எடு, வண்டி அமுங்காமல் கட்டை கொடு, அதற்கப்புறம் ரோப்பைப் போடு என்பதுதான் ஒழுங்கு. அதற்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இருட்டிக்கொண்டு வந்தது, மேற்கே மின்னிக்கொண்டிருந்தது, இரண்டாவது வண்டிக்கும் மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்தது ஒரு கையின் நீளம். என் உறுத்தலின் மையம் இதுதான் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏரிச் சேற்றில் கை வைப்பவர்களின் கணக்கு நம்மிடம் எப்போதுமே தெளிவாக இருந்ததில்லை. குடிமராமத்து என்றவுடன் ஊர் கூடி ஏரியைக் காத்த பொற்காலம் ஒன்று பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் 1858இல் வந்த சட்டத்தின் பெயரே மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம், வழக்கமாகச் செய்துவந்த ஏரி வேலையைச் செய்ய மறுத்தால் தண்டம் போடலாம் என்றது அது. கூடிச் செய்தார்கள் என்பது பொய்யில்லை, எல்லோரும் ஒரே மாதிரி கூடவில்லை என்பதும் பொய்யில்லை. யார் கரையில் நின்று சொன்னார்கள், யார் மடையில் இறங்கி அடைத்தார்கள் என்று கேட்டால் ஒவ்வோர் ஊரிலும் எந்தத் தெருவைக் காட்டுவார்கள் என்பது தமிழ் வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் இயன்றவரை எந்திரம் கூடாது என்றது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக இதே மாதிரி ஏரிகளின் வரத்து வாய்க்கால்களில் குந்தி உட்கார்ந்து மண் அள்ளினார்கள். அவர்கள் வேலையே செய்வதில்லை என்று ஊரில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டம் வந்தபோது ஏரிகளுக்குள் இறங்கியவை பெரும்பாலும் ஜேசிபியும் ஹிட்டாச்சியும். அதே வருஷம் மே மாதம், 1934இல் கட்டிய மேட்டூர் அணையில் முதல் தடவையாக வண்டல் அள்ளினார்கள், அங்கேயும் அவைதான். நான் எந்திரத்துக்கு எதிரி இல்லை. கூடையில் அள்ளித் தீர்கிற வண்டலா அது? ஒரு நாளில் அந்த வண்டி எடுக்கும் மண்ணைக் கையால் எடுக்க எத்தனை முதுகுகள் வளைய வேண்டும் என்று தெரிந்தவர்கள் கூடையைப் பற்றிக் கவிதை எழுத மாட்டார்கள்.

அப்படியானால் எனக்கு என்னதான் பிரச்சினை? எந்திரம் வந்ததும் கை ஒழிந்தது என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டது. மதிப்பீடு, பில், பேச்சு எல்லாவற்றிலும் எந்திரம்தான். கன மீட்டர் கணக்கு, மணிக்கணக்கு. அது நின்றுபோகிற நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ கைகள் வருகின்றன, காரியம் முடிந்ததும் காணாமல் போகின்றன. 2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 தொழிலாளர்கள் அடைபட்டார்கள். அமெரிக்கத் துளை எந்திரம் இடிபாட்டுக்குள் குழாயைச் செலுத்திக்கொண்டே போய், இன்னும் பன்னிரண்டு மீட்டர் அளவு இருக்கும்போது இரும்பில் சிக்கி முறிந்தது. முறிந்த அலகைக் குழாய்க்குள்ளிருந்து துண்டு துண்டாக அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. மிச்ச தூரத்தைக் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கையாலேயே தோண்டியவர்கள் எலிவளைத் தொழிலாளர்கள். அவர்கள் தொழிலின் பெயரில் நடந்த நிலக்கரிச் சுரங்க முறையை மேகாலயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடை செய்திருந்தது, உயிருக்கு ஆபத்து என்று. தடை செய்தது சரி. நவம்பர் 28 ராத்திரி 41 பேரும் வெளியே வந்ததும் அந்தக் கைகளால்தான். தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில் 2025 பிப்ரவரி 22 அன்று தண்ணீரும் சேறும் உடைத்துக்கொண்டு வந்தபோது கதை இப்படி முடியவில்லை. எட்டுப் பேர் உள்ளே, அவர்களோடு சேற்றில் மாட்டிக்கொண்ட மாபெரும் குடைவு எந்திரம். இராணுவமும் கடற்படையும் சிங்கரேணி சுரங்கத் தொழிலாளர்களும் போனார்கள், எந்திரத்தின் பாகங்களை வெட்டி வெட்டி வழி செய்தார்கள், சேற்றைக் கையால் விலக்கினார்கள். மார்ச் மாதத்தில் இரண்டு உடல்கள் கிடைத்தன. அந்த நாட்களில் தொலைக்காட்சியில் அந்தக் குடைவு எந்திரத்தின் நீளத்தையும் விலையையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சேற்றில் மாட்டிய சக்கரம் என்றால் நமக்குக் கர்ணன். வட தமிழ்நாட்டு ஊர்களில் துக்கம் நடந்த வீட்டில் கர்ண மோட்சம் கூத்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டம் உடம்பில் ஏறியிருக்கும். தேரை ஓட்டியவன் சல்லியன், மத்திர தேசத்து ராஜா. ராஜாவைச் சாரதி ஆக்கியதே அவனுக்கு அவமானம், வழி நெடுகக் கர்ணனைக் குத்திக்காட்டிக்கொண்டே வந்தவன். சக்கரம் பூமியில் இறங்கியதும் கீழே குதித்துத் தோள் கொடுத்தது அங்க தேசத்துக்கு அரசனான கர்ணன். நான் இதை எப்போதும் சாபத்தின் கதையாகவும் தர்மத்தின் கதையாகவும்தான் கேட்டிருக்கிறேன். ஏரிக்கரையில் நின்ற பிறகு வேறொன்று தோன்றியது. கர்ணன் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். அதிரதன் மகன். சக்கரம் இறங்கினால் இறங்கித் தூக்க வேண்டும் என்பது அவனுக்கு யோசிக்காமல் வந்திருக்கும், அது அந்த வீட்டுப் பழக்கம். பிறந்ததிலிருந்து தேரில் மேலே மட்டுமே உட்கார்ந்திருந்த சல்லியன் சாரதியின் இடத்தில் உட்கார்ந்திருந்தும் இறங்கவில்லை. இதைப் பெரிதாக நீட்ட விரும்பவில்லை, இதிகாசத்தை ஏரிக்கு இழுத்து வந்தால் ஏரிதான் கெட்டுப்போகும்.

இதையெல்லாம் பையனிடம் கேட்டால் சிரிப்பான். கேட்டேன், இவ்வளவு தத்துவமாக இல்லை. வண்டி வெளியே வந்த பிறகு, ராத்திரி கரையில் எல்லோருக்கும் டீ வந்தபோது, "பயமா இல்லையாப்பா?" என்றேன். "அண்ணன் மேல இருக்காருல்லண்ணா, அப்புறம் என்ன?" என்றான். கேபினில் இருந்தவரைத்தான் சொன்னான். அவன் ஊத்தங்கரைப் பக்கம், வண்டிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். கிரீஸ் அடிப்பது, டீசல் ஊற்றுவது, செயினில் அப்பிய மண்ணைச் சுரண்டுவது அவன் வேலை. மத்தியானம் ஆபரேட்டர் சாப்பிடும் அரை மணி நேரம் லீவரைப் பிடித்துப் பழகலாம். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் அவனும் ஆபரேட்டர். அந்தச் சேறுதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். பெரிய ஆபரேட்டரிடம் திரும்பினேன். "நாங்கல்லாம் இப்படிக் கத்துக்கிட்டதுதான் சார்" என்று இடது கையைக் காட்டினார், மோதிர விரலில் மேல் கணு இல்லை. ஷேக்கிளுக்கும் ரோப்புக்கும் நடுவில் மாட்டியது என்றார், பெருமையாகவும் இல்லை, குறையாகவும் இல்லை, லைசென்ஸைக் காட்டுகிற மாதிரி. இங்கேதான் என் உறுத்தல் தடுமாறுகிறது. அவன் கௌரவமாக நினைக்கிற ஒன்றைக் கரையில் சட்டை கசங்காமல் நின்ற நான் பரிதாபமாகப் பார்க்கிறேனா? அன்று ரோப் சட்டத்தைச் சுற்றி வெளியே வந்து, மற்ற வண்டி மெதுவாக, ஆமை வேகத்தில், வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுக்க, பக்கெட்டும் தரையை ஊன்றித் தள்ள, சேறு ஒரு நீண்ட சத்தத்தோடு வண்டியை விட்டபோது முதலில் கத்தியது அவன்தான். அந்தச் சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள ஒரு விரல் கணுதான் கட்டணம் என்றால், அதைக் கட்டியவர் பெருமையாகச் சொல்கிறார் என்பதற்காகக் கட்டணம் நியாயம் ஆகிவிடாது.

அதன் பிறகு நடந்தது பணப் பேச்சு. வண்டியிலுள்ள மணி மீட்டர் என்ஜின் ஓடினால் ஓடும், மண் அள்ளினாலும் ஓடும், புதைந்து கிடந்து பூமை ஆட்டினாலும் ஓடும். மாட்டின நேரத்துக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார் மண் எடுத்தவர். இறங்கச் சொன்னது நீங்கள்தானே என்றார் வண்டிக்காரர். இரண்டாவது வண்டியின் வாடகையைப் பாதிப் பாதி என்று முடித்தார்கள். பனந்துண்டு, டீசல், ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று பிய்ந்தது, எல்லாவற்றுக்கும் பேரம் நடந்தது. பையனுக்கு அன்றைக்கும் மற்ற நாள் பேட்டாதான், அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை, அவனும் கேட்கவில்லை. வாடகை பேசும்போதே இதைப் பேசிவிடலாம் என்பது என் எண்ணம். வண்டி புதைந்தால் மீட்கிற நேரத்துக்கு ஹெல்பருக்கு இரட்டைப் பேட்டா என்று ஒரு வரி. வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கிற அலுவலகம், தோண்டி முடித்த குழி எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கி வைத்தால் அடுத்த வருஷத்து ஆபரேட்டருக்கு உதவும். இரண்டுக்கும் செலவு அதிகமில்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் இந்த ஏரிகளில் இன்னும் நிறைய வண்டிகள் இறங்கும், சிலது புதையும், பார்க்க நீங்களும் போவீர்கள். ரோப் இழுபடும்போது அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்கள், நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், செல்போனில் படம் எடுக்கிற பையன்களையும் பின்னால் தள்ளுங்கள். கை விடுகிறவனை, கட்டை கொடுத்த பிறகு கை விடச் சொல்லி மேலே கேபினில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுங்கள். முதலாளி முறைப்பார், முறைத்தால் முறைக்கட்டும்.